பவளப்பாறை அழிவு பற்றிய வாசிப்புப் பத்தி: விடைத்தாள் சரியா, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்

வைகைக்கரை:
வணக்கம். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன், செவிலியர் வேலைக்காக. பயிற்சி மையத்தில் கொடுத்த தாளில் பவளப்பாறை அழிவைப் பற்றி ஒரு வாசிப்புப் பத்தி, உள்ளே ஐந்து சிறு பத்திகள், 13 கேள்விகள். அதில் சில கேள்விகளுக்கு விடைத்தாளில் இருப்பதை ஏற்க மனம் வரவில்லை. பத்தி நீளம், முழுவதையும் தட்ட முடியாது, அதனால் சாரத்தை மட்டும் தமிழில் தருகிறேன்.

முதல் பத்தி: இடம் ஜமைக்காவின் வடகரை, டிஸ்கவரி பே பக்கம். 1970-களின் பிற்பகுதியில் பாறைத்தளத்தில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் 5 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. அதே காலத்தில் பாசி 4 விழுக்காட்டிலிருந்து 92-க்கு ஏறியது.

இரண்டாவது: மீன்பிடிப்பு. கம்பிவலைக் கூடுகளை இறக்கி, வந்ததையெல்லாம் பிடித்ததில் 1960-களின் கடைசியிலேயே அந்தக் கரையோர மீன்களின் மொத்த எடை 80 விழுக்காடு வரை குறைந்துவிட்டது. பாசி மேயும் கிளி மீன்களும் போயின, வேட்டையாடும் பெரிய மீன்களும் போயின. ஆனாலும் பாறை பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது, ஏனென்றால் நீள முள் கொண்ட கறுப்புக் கடல் முள்ளெலிகள் ஏராளமாக இருந்து பாசியைத் தின்றுகொண்டிருந்தன. அவை அவ்வளவு பெருகியதற்கு, அவற்றைத் தின்னும் மீன்களும் அவற்றோடு இரைக்குப் போட்டியிடும் மீன்களும் குறைந்தது காரணமாக இருக்கலாம் என்கிறார் ஆசிரியர்.

மூன்றாவது: 1980 ஆகஸ்டில் ஆலன் சூறாவளி. கொம்பு கொம்பாக வளரும் பவளங்கள் நொறுங்கின. அதற்குப் பிறகு சின்னப் பவளங்கள் புதிதாகப் பிடித்து வளரத் தொடங்கின, இது 1983 வரை.

நான்காவது: முள்ளெலிகளுக்கு ஒரு நோய். 1983 ஜனவரியில் பனாமாவில் முதலில் தெரிந்தது, அதே ஆண்டு நடுவில் ஜமைக்காவுக்கு வந்தது, 1984-க்குள் கரீபியன் முழுக்கப் பரவி 90 விழுக்காட்டுக்கு மேல் கொன்றுவிட்டது. எந்தக் கிருமி என்று அடையாளம் காணப்படவில்லை.

ஐந்தாவது: மேய்வதற்கு ஒன்றும் மிஞ்சாததால் பாசி மூடியது, குட்டிப் பவளம் ஒட்ட இடமில்லை. மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று முடிகிறது.

இப்போது என் சந்தேகங்கள். வாக்கியம் பத்தியோடு ஒத்துப்போனால் ட்ரூ, முரண்பட்டால் ஃபால்ஸ், பத்தியில் தகவலே இல்லையென்றால் நாட் கிவன் என்று போட வேண்டும்.

கேள்வி 4: “1980 சூறாவளிக்குப் பின் பாறை மீள்வதற்கான அறிகுறியே தென்படவில்லை.” விடைத்தாளில் ஃபால்ஸ். கடைசியில் மீளவில்லைதானே, பிறகு எப்படி ஃபால்ஸ்?
கேள்வி 5: “மீன்கள் குறைந்ததால்தான் முள்ளெலிகள் பெருகின என்று நிரூபிக்கப்பட்டுள்ளது.” விடைத்தாளில் நாட் கிவன். பத்தியிலேயே இருக்கிறதே?
கேள்வி 6: “முள்ளெலிகளைக் கொன்ற கிருமி எது என்று கண்டறியப்பட்டது.” ஃபால்ஸ். இது சரிதான், ஆனால் என் தோழி வேறு ஏதோ சொல்கிறாள்.
கேள்வி 7: “பவளம் இழந்த பரப்பைவிடப் பாசி கூடுதலாகப் பிடித்த பரப்பு பெரியது.” ட்ரூ. இதற்கெல்லாம் கணக்குப் போட வேண்டுமா?
கேள்வி 13: ஆசிரியரின் முக்கிய நோக்கம் என்ன? நாலு தேர்வுகள்: அ) புயலின் பாதிப்பை விளக்குவது, ஆ) ஒரு நோய் பாறையை அழித்த கதையைச் சொல்வது, இ) நீண்டகால மீன்பிடிப்பு பாறையை ஒரே ஒரு உயிரினத்தை நம்பியிருக்கும் நிலைக்குத் தள்ளியது எப்படி என்று காட்டுவது, ஈ) காலநிலை மாற்றத்தால் பவளம் அழிவதை எச்சரிப்பது. விடை இ. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஈ போட்டிருந்தார்கள்.

சந்திரா_டீச்சர்:
நல்ல பத்தி பா இது. 4-ஐ முதலில் முடித்துவிடலாம். வாக்கியம் கேட்பது “கடைசியில் மீண்டதா” என்று இல்லை. “அறிகுறியே தென்படவில்லை” என்கிறது. பத்தியோ சின்னப் பவளங்கள் பிடித்து வளரத் தொடங்கின என்கிறது. அது அறிகுறிதானே? நேருக்கு நேர் முரண், அதனால் ஃபால்ஸ். மூன்று வருடம் கழித்து வேறொன்று வந்து கெடுத்தது அடுத்த பத்தியின் சமாச்சாரம், இந்தக் கேள்விக்குள் அதை இழுக்காதே.

5 கொஞ்சம் நுணுக்கம். ஆசிரியர் “இருக்கலாம்” என்றுதான் சொல்கிறார், கேள்வியோ “நிரூபிக்கப்பட்டுள்ளது” என்கிறது. நிரூபித்தார்கள் என்றும் பத்தியில் இல்லை, நிரூபிக்கவில்லை என்றும் இல்லை. அதனால் நாட் கிவன். ஒரு ஊகத்தை எடுத்து அதற்கு உறுதி பூசிக் கேள்வியாகத் திருப்பிக் கொடுப்பது இவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலை, என் மாணவர்கள் வருஷா வருஷம் இதில்தான் சறுக்குகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
5-க்கு ஃபால்ஸ் என்றும் வாதாடலாமே டீச்சர். “இருக்கலாம்” என்று எழுதினாலே இன்னும் நிரூபணம் ஆகவில்லை என்றுதானே பொருள்? அது முரண் இல்லையா?

சந்திரா_டீச்சர்:
வாதாடலாம், மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியர் தயங்கி எழுதினார் என்பதற்காக உலகத்தில் யாருமே நிரூபிக்கவில்லை என்று ஆகிவிடாது. அவர் தன் கருத்தைச் சொல்கிறார், அவ்வளவுதான். “இதற்கு உறுதியான சான்று இல்லை” என்று ஒரு வரி இருந்திருந்தால் ஃபால்ஸ் என்று நானே போட்டிருப்பேன்.

மண்டபம்_மைந்தன்:
டிஸ்கவரி பே என்று பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். மீன்வளப் படிப்பு படித்தவன், எங்களுக்கு இது பாடத்திலேயே இருந்தது. 1994-இல் பவளப்பாறை ஆய்வாளர் டெர்ரி ஹ்யூஸ் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில் இதே எண்கள் வரும், உங்கள் பத்தியை எழுதியவர் அங்கிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். அதே ஹ்யூஸ்தான் 2016-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு கடல் சூட்டில் நிறமிழந்து வெளிறியபோது விமானத்தில் பறந்து கணக்கெடுத்தவர்.

கேள்வி 6 பற்றி உங்கள் தோழி சொல்வது என்னவென்று ஊகிக்க முடிகிறது. 2022-இல் கரீபியனில் அதே முள்ளெலிகள் மறுபடியும் கொத்துக் கொத்தாகச் செத்தன. அந்தத் தடவை காரணத்தைப் பிடித்துவிட்டார்கள், சீலியேட் என்ற ஒருசெல் உயிரி, 2023-இல் ஆய்வு வெளிவந்தது. ஆனால் அது 2022 சாவுக்குக் கிடைத்த விடை. 1983-க்கும் அதேதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அப்போது கெடாமல் எடுத்துவைத்த மாதிரிகள் சரியாக இல்லாததுதான் தலைவலி.

வைகைக்கரை:
ஆமாம் அண்ணா, அவள் சொன்னது அதுதான்! “இப்போது கண்டுபிடித்துவிட்டார்களே, அப்படியானால் ட்ரூ” என்று ஒரே சண்டை.

சந்திரா_டீச்சர்:
பார்த்தாயா, விஷயம் தெரிந்தவர்கள் மாட்டுகிற இடம் இதுதான். பத்தியில் “அடையாளம் காணப்படவில்லை” என்று அச்சடித்திருக்கிறது. நாளைக்கே யாராவது 1983 கிருமியைப் பிடித்து நோபல் பரிசு வாங்கினாலும் இந்தத் தாளில் 6-க்கு விடை ஃபால்ஸ்தான்.

மண்டபம்_மைந்தன்:
ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். ஆனால் விஷயம் தெரிந்தால் பத்தி வேகமாக ஓடும், அதையும் சொல்ல வேண்டும். 60 நிமிடத்தில் மூன்று வாசிப்புப் பத்தி, 40 கேள்வி. பவளம் எப்படி வாழ்கிறது என்றே தெரியாமல் உட்கார்ந்தால் ஐந்தாவது பத்தியை மூன்று தடவை படிக்க வேண்டிவரும்.

சுருக்கமாகச் சொல்கிறேன், வைகை தங்கச்சி. பவளம் ஒரு சின்னப் பிராணி, கூட்டமாக வாழும், சுண்ணாம்பில் கூடு கட்டும். அதன் திசுவுக்குள் நுண்பாசி குடியிருந்து, வெயிலில் உணவு தயாரித்து அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. இந்த உள்பாசி நண்பன். உங்கள் பத்தியில் வில்லனாக வருவது வெளியே தழைத்து வளரும் பெரிய பாசி. இரண்டுக்கும் ‘பாசி’ என்றே எழுதியிருப்பார்கள், அங்கே குழம்பிவிடாதீர்கள். பவளத்தின் குஞ்சு தண்ணீரில் மிதந்து வந்து வெறும் கெட்டித் தரையில் ஒட்டினால்தான் வளர முடியும். தரையைப் பெரிய பாசி மூடிவிட்டால் ஒட்ட இடமே இல்லை, ஏற்கெனவே வளர்ந்து நிற்பதையும் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வரும். அதனால்தான் மேய்கிற உயிர் எது என்பது பாறைக்குச் சாவா வாழ்வா என்ற கேள்வி ஆகிறது. கிளி மீன் மேய்ந்தாலும் சரி, முள்ளெலி மேய்ந்தாலும் சரி, யாரோ ஒருவர் மேய வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டால் 13-ஆம் கேள்வி தானாக விழும். பாசியை மேய்கிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், கிளி மீனும் முள்ளெலியும். மீன்பிடிப்பில் ஒருவர் போனார். மிச்சமிருந்த ஒருவர் நோயில் போனார்.

யாழினி_ரொறன்ரோ:
நான் இந்தப் பரீட்சை எழுதித்தான் இங்கே வந்தேன், அதனால் ஒரு விசயம் சொல்கிறேன். 13-க்கு ஏன் அத்தனை பேர் ஈ போட்டிருப்பினம் என்று எனக்கு விளங்குது. பவளப்பாறை என்று தலைப்பைக் கண்டாலே கடல் சூடாகுது, பவளம் வெளிறுது என்றுதான் மனம் போகும். 2024 ஏப்ரலில் உலகளாவிய நாலாவது வெளிறல் நடக்குது என்று அறிவிச்ச செய்தி எல்லாப் பக்கமும் வந்ததுதானே. ஆனால் நீங்கள் தந்த சாரத்தில் வெப்பநிலை என்ற சொல்லே இல்லை. பத்தியில் இல்லாத ஒன்று எப்படி முக்கிய நோக்கமாகும்?

எங்கட இலங்கையிலும் தென்மேற்குக் கரையில், ஹிக்கடுவைப் பக்கம், முருகைக்கல்லை, அதுதான் பவளக்கல்லை, உடைச்சு எடுத்துச் சூளையில் சுண்ணாம்பு சுட்டவை. பாறை அழிய எத்தனையோ வழி இருக்கு. இந்த ஆசிரியர் எந்த வழியைப் பேசுகிறார் என்று மட்டும் பாருங்கோ.

மண்டபம்_மைந்தன்:
சுண்ணாம்பு விஷயத்தில் எங்கள் பக்கமும் அதே கதைதான் அக்கா. மன்னார் வளைகுடாவில் 21 தீவு, தூத்துக்குடியிலிருந்து பாம்பன் பக்கம் வரை. பல வருடமாகச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 1986-இலேயே கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தும் நிற்கவில்லை. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளத்தைச் சேர்த்தார்கள், அதற்குப் பிறகும் சில வருடம் ஓடி, சுனாமிக்குப் பிறகுதான் அடங்கியது. அந்த 21-இல் இரண்டு தீவு தண்ணீருக்கு அடியில் போயே போய்விட்டது. இப்போது தொந்தரவு வேறு. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி குருசடைத் தீவுப் பக்கம் உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்கிறது. 2010-லும் 2016-லும் வெளிறல் வேறு.

சந்திரா_டீச்சர்:
எல்லாம் சரி தம்பி, ஆனால் இந்தப் பிள்ளை நாளைக்குக் கப்பாபைகஸை நினைத்துக்கொண்டு ஜமைக்கா கேள்விக்கு விடை எழுதினால் நீங்கள்தான் பொறுப்பு.

மண்டபம்_மைந்தன்:
ஹாஹா. சரி, வாயை மூடிக்கொள்கிறேன். 7-க்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அதற்காகத்தான் காத்திருந்தேன். 7-க்கு விடைத்தாளில் ட்ரூ என்று போட்டிருப்பதில் எனக்குத் திருப்தி இல்லை.

பாசி 4-லிருந்து 92. ஏற்றம் 88 புள்ளி. இதில் சந்தேகமே இல்லை. பவளம் “பாதிக்கு மேல்” என்பதிலிருந்து “5-க்குக் கீழ்”. “பாதிக்கு மேல்” என்றால் எவ்வளவு? 51-ஆகவும் இருக்கலாம், 95-ஆகவும் இருக்கலாம். தொடக்கத்தில் பாசி 4 என்பதால் பவளம் 96-ஐத் தாண்ட முடியாது, அது ஒன்றுதான் பத்தி போடும் வேலி. 95-லிருந்து 1-க்கு இறங்கியிருந்தால் இழப்பு 94, அது 88-ஐவிடப் பெரியது. வாக்கியம் பொய்யாகிவிடும். ஆக, பத்தியில் உள்ள தகவலை மட்டும் வைத்துப் பார்த்தால் நாட் கிவன்.

யாழினி_ரொறன்ரோ:
அண்ணை, 95 விழுக்காடு பவளம் இருந்தால் அதை யாராவது “பாதிக்கு மேல்” என்று எழுதுவினமோ?

கணக்குப்பிள்ளை:
எழுத மாட்டார்கள்தான். அது வழக்கு, தர்க்கம் இல்லை. பத்தியைத் தாண்டி எதையும் ஊகிக்காதே என்று டீச்சர் 6-ஆம் கேள்வியில் பிரம்பெடுத்தார், 7-இல் மட்டும் ஊகிக்கலாமா?

சந்திரா_டீச்சர்:
இரண்டும் ஒன்றில்லை. 6-இல் உங்கள் ஆட்கள் பத்திக்கு வெளியே இருக்கும் ஒரு செய்தியைக் கொண்டுவந்தார்கள். 7-இல் பத்திக்குள் இருக்கும் சொல்லைச் சாதாரணமாக ஒருவர் எப்படிப் புரிந்துகொள்வாரோ அப்படிப் புரிந்துகொள்கிறோம், அவ்வளவுதான். “பாதிக்கு மேல்” என்றால் ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே என்று படிப்பது வாசிப்பின் ஒரு பகுதி. இது வாசிப்புத் தேர்வு, கணிதத் தேர்வு இல்லை.

ஆனாலும் உங்களுக்குப் பாதி மதிப்பெண் தருகிறேன். உண்மைத் தேர்வில் இப்படிப்பட்ட கேள்வி வருவது அரிது, வந்தால் எண்ணைத் துல்லியமாகக் கொடுத்திருப்பார்கள். இது பயிற்சி மையத்தில் யாரோ உட்கார்ந்து தயாரித்த கேள்வி. வைகை, இந்த ஒன்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

மண்டபம்_மைந்தன்:
வாயை மூடிக்கொள்வதாகச் சொன்னேன், முடியவில்லை. இந்த 7-இல் எண்ணைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாசியின் ஏற்றம் பவளத்தின் இழப்பைவிட அதிகம் என்றால் மிச்ச இடம் எங்கிருந்து வந்தது? முன்பு வெறும் பாறையாக, முள்ளெலிகள் மேய்ந்து மேய்ந்து சுத்தமாக வைத்திருந்த தரையிலிருந்து. பவளத்தின் அடுத்த தலைமுறை வந்து ஒட்ட வேண்டிய இடம் அதுதான். அந்த இடமும் போனதால்தான் புயலுக்குப் பிறகு நடந்த மாதிரி மறுபடி சின்னப் பவளங்கள் முளைக்கவில்லை. ஐந்தாவது பத்தியை அந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள்.

வைகைக்கரை:
ஓ... 4-ஆம் கேள்வியும் இப்போதுதான் முழுசாகப் புரிகிறது. புயலுக்குப் பிறகு முளைத்தது ஏனென்றால் அப்போது முள்ளெலி இருந்தது. நோய்க்குப் பிறகு முளைக்காதது ஏனென்றால் அது இல்லை. புயல், நோய் என்று வரிசையாக வந்ததால் இரண்டும் சேர்ந்து கொன்றது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை:
புயலையும் முழுக்க விடுதலை செய்துவிடாதீர்கள். கொம்புப் பவளம் நொறுங்கியது நிஜம், அந்த இடத்தில் பிறகு பாசி ஏறியதும் நிஜம். ஆசிரியர் சொல்வது, புயல் மட்டும் என்றால் பாறை தாங்கியிருக்கும் என்பது. 13-இல் அ தவறாவதற்குக் காரணம் அதுதான், புயல் பொய் என்பதால் இல்லை.

தென்றல்_திருச்சி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தாள் கொடுத்தார்கள். 8 முதல் 12 வரை ஒவ்வொரு பத்திக்கும் தலைப்புப் பொருத்தும் கேள்வி. மூன்றாவது பத்திக்கு “ஒரு புயலின் அழிவு” என்றும் “நீடிக்காத மீட்சி” என்றும் இரண்டு தலைப்பு இருக்கிறது. விடைத்தாளில் இரண்டாவது. ஆனால் பத்தியில் பாதிக்கு மேல் (கணக்குப்பிள்ளை சார் கோபிக்க வேண்டாம்) புயலைப் பற்றித்தானே இருக்கிறது?

சந்திரா_டீச்சர்:
எத்தனை வரி எதைப் பற்றி என்று எண்ணித் தலைப்புப் போட்டால் எப்போதும் இப்படித்தான் ஆகும். புயலைப் பற்றிய வரிகள் எதற்காக வந்திருக்கின்றன என்று பார். அடி விழுந்தது, அதையும் மீறித் துளிர்த்தது, ஆனால் 1983 வரைதான். பத்தி போய் நிற்கிற இடம் “1983 வரை” என்ற சொல். அந்தச் சொல்தான் அடுத்த பத்திக்குக் கதவு. “ஒரு புயலின் அழிவு” என்று தலைப்பு வைத்தால் பத்தியின் பிற்பாதி அநாதையாக நிற்கும். “நீடிக்காத மீட்சி” என்று வைத்தால் புயலும் உள்ளே அடங்கும், ஏனென்றால் எதிலிருந்து மீட்சி என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

தென்றல்_திருச்சி:
நன்றி மேடம். அப்படியானால் இரண்டாவது பத்திக்கு “அதிக மீன்பிடிப்பு” என்பதை விட்டுவிட்டு “மறைந்திருந்த ஆபத்து” என்று ஏன் போட்டிருக்கிறார்கள் என்பதும் அதே காரணமா?

யாழினி_ரொறன்ரோ:
ஓம், அதேதான். மீன் 80 வீதம் வரை குறைஞ்சும் பாறை வடிவாய்த்தான் இருந்தது என்கிறார். “ஆனாலும்” என்று ஒரு சொல் வருகுது பாருங்கோ, அதுக்குப் பிறகு வருவதுதான் பத்தியின்ர சாரம். மீன்பிடிப்பு மட்டும் என்றால் “ஆனாலும்” தேவையில்லை.

வைகைக்கரை:
கடைசியாக ஒன்று. 3-ஆம் கேள்வியை மேலே போட மறந்துவிட்டேன்: “மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தியதால் ஜமைக்காவில் பவளம் மீண்டது.” விடைத்தாளில் நாட் கிவன். ஐந்தாவது பத்தியில் கட்டுப்படுத்த வேண்டும் என்று சொல்கிறாரே தவிர, செய்தார்கள், பலன் கிடைத்தது என்று எங்கும் இல்லை. அதனால் நாட் கிவன், சரியா?

சந்திரா_டீச்சர்:
சரி. காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டாய். அடுத்த தாளை வேறு இழையில் போடு, இங்கே மண்டபம் தம்பி மறுபடி தீவுக் கணக்கை ஆரம்பித்துவிடுவார்.

மண்டபம்_மைந்தன்:
21 தீவு டீச்சர். அதில் இரண்டு தண்ணீருக்குள்.